மசோதாவில் ‘ஓப்பன் சோர்ஸ்’ என்று எழுதிவிட்டால் போதுமா?

கேள்வி: ஐயா, நான் திருச்சியில் சட்டம் படிக்கும் நான்காம் ஆண்டு மாணவி. அறிவுசார் சொத்துரிமைத் தாளுக்காக, 2002-இல் அமெரிக்க செனட்டில் வந்த நகல் தடுப்பு மசோதா பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். எல்லா டிஜிட்டல் கருவிகளிலும் பூட்டு கட்டாயம் என்று சொன்ன அதே மசோதா, அந்தப் பூட்டின் மென்பொருள் பகுதி ஓப்பன் சோர்ஸ் (மூல நிரல் திறந்திருக்கும்) நிரலை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அப்படியானால் ஓப்பன் சோர்ஸ்காரர்கள் அதை வரவேற்றிருக்க வேண்டாமா? அவர்களே ஏன் எதிர்த்தார்கள்? ‘திறந்த தரநிலைக்கு ஆதரவான காப்புரிமைச் சட்டம்’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். சரியா? விடுதியில் என் அறைத்தோழிக்கும் ஒரு சந்தேகம்: லினக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் இயங்குதளத்தில் டிவிடி பார்ப்பது இந்தியாவில் குற்றமா?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் தலைப்பைக் கவனிப்போம். நீங்கள் சொல்ல வருவது பதிப்புரிமை, எழுதியிருப்பது காப்புரிமை. கண்டுபிடிப்புக்குக் கிடைப்பது காப்புரிமை. எழுத்து, இசை, படம், மென்பொருள் நிரல் இவற்றுக்குக் கிடைப்பது பதிப்புரிமை. செய்தித்தாள்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு எல்லாரையும் குழப்பி வைத்திருக்கின்றன. உங்கள் கட்டுரையில் இரண்டுமே வரும் என்பதால் இப்போதே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பின் மற்ற பாதியும் நிற்காது. அதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

அந்த மசோதாவின் முழுப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘நுகர்வோர் அகன்ற அலைவரிசை மற்றும் டிஜிட்டல் தொலைக்காட்சி ஊக்குவிப்புச் சட்டம்’. சுருக்கமாக சிபிடிடிபிஏ. பெயரில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. தென் கரோலினா செனட்டரும் அப்போதைய வணிகக் குழுத் தலைவருமான ஃபிரிட்ஸ் ஹோலிங்ஸ் 2002 மார்ச் 21 அன்று அதைக் கொண்டுவந்தார். முந்தைய ஆண்டே எஸ்எஸ்எஸ்சிஏ என்ற பெயரில் அதன் முதல் வரைவு வெளியே கசிந்து சத்தம் கிளம்பியிருந்தது. மசோதா வருவதற்கு முந்தைய மாதம் நடந்த விசாரணையில் டிஸ்னி தலைவர் மைக்கேல் ஐஸ்னர் ஒரு பக்கமும் இன்டெலின் லெஸ்லி வடாஸ் எதிர்ப்பக்கமும் உட்கார்ந்து பேசினார்கள். படம் எடுப்பவர்களுக்கும் சிப் செய்பவர்களுக்கும் நடந்த சண்டை அது. ஓப்பன் சோர்ஸ்காரர்களுக்கு அந்த மேசையில் நாற்காலி போடவில்லை.

மசோதாவின் ஏற்பாடு இப்படி: கருவி செய்பவர்கள், உள்ளடக்க உரிமையாளர்கள், நுகர்வோர் அமைப்புகள் மூவரும் ஓராண்டுக்குள் பேசி ஒரு பூட்டுத் தரநிலைக்கு வர வேண்டும். வந்தால் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி அதை விதியாக்கும். வராவிட்டால் ஆணையமே ஒன்றை வகுக்கும். அதற்குப் பிறகு அந்தப் பூட்டு இல்லாத ‘டிஜிட்டல் ஊடகக் கருவி’ எதையும் விற்கக் கூடாது.

கருவி என்றதும் உங்களுக்கு டிவிடி பிளேயர்தான் ஞாபகம் வரும். மசோதாவின் விளக்கப் பிரிவை எடுத்துப் பாருங்கள். பதிப்புரிமை உள்ள படைப்பை டிஜிட்டல் வடிவில் நகலெடுக்கும் வன்பொருள் ‘அல்லது மென்பொருள்’ எதுவானாலும் கருவிதான். லினக்ஸில் ஒரு கோப்பை இங்கிருந்து அங்கே நகலெடுக்க ‘சிபி’ என்று இரண்டெழுத்துக் கட்டளை இருக்கிறது. அந்த விளக்கத்தின்படி அதுவும் கருவி. அதை எழுதி இணையத்தில் வைத்திருக்கும் ஆள் பூட்டு போடாத கருவியைப் பொதுமக்களுக்குக் கொடுப்பவர் ஆகிவிடுவார். எதிர்ப்பின் முதல் காரணம் இங்கேயே கிடைத்துவிடுகிறது.

இனி நீங்கள் கேட்ட வரிக்கு வருவோம். தரநிலை எப்படி இருக்க வேண்டும் என்று மசோதா ஒரு பட்டியல் தருகிறது. நம்பகமாக இருக்க வேண்டும், தாக்குதலைத் தாங்க வேண்டும், புதுப்பிக்க முடிய வேண்டும், விலை எட்டாததாக இருக்கக் கூடாது என்று போகும் அந்தப் பட்டியலை ஒட்டியே, மென்பொருள் பகுதி ஓப்பன் சோர்ஸ் நிரலை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்ற வரி வருகிறது. படித்த மாத்திரத்தில் எனக்கும் ‘பரவாயில்லையே’ என்றுதான் தோன்றியது. அப்புறம் இன்னும் கொஞ்சம் கீழே போனால் வேறொரு பிரிவு: கருவியில் உள்ள பாதுகாப்பு நுட்பத்தை யாரும் தெரிந்தே நீக்கவோ மாற்றவோ கூடாது.

இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நிரலை வாசிக்கலாம், தொடக் கூடாது. உங்கள் கட்டுரையின் மையம் இதுதான் என்பது என் கருத்து. பேராசிரியருக்கு இந்த முரணை மட்டும் ஒழுங்காகக் காட்டினாலே போதும்.

ஓப்பன் சோர்ஸ் என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. 1998-இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு, டெபியன் லினக்ஸ்காரர்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த விதிகளிலிருந்து அதை எடுத்தது. மொத்தம் பத்து நிபந்தனைகள். மூல நிரல் பார்க்கக் கிடைப்பது மட்டுமே ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது என்று அந்த ஆவணம் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறது. மாற்றி எழுதும் உரிமை வேண்டும், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கும் உரிமை வேண்டும், எந்த வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது. மசோதாவை எழுதியவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டை வைத்துவிட்டு, ‘பாருங்கள், திறந்துதான் இருக்கிறது’ என்றார்கள்.

உரிமம் ஒரு பக்கம் இருக்கட்டும், தொழில்நுட்பமாகவே அது ஓடாது. நிரலில் ஓரிடத்தில் ஒரு சோதனை இருக்கும்: இந்தக் கோப்பில் ‘நகல் கூடாது’ என்ற குறி இருக்கிறதா? இருந்தால் வேலையை நிறுத்து. எத்தனை ஆயிரம் வரி எழுதினாலும் கடைசியில் ‘ஆம் என்றால் இப்படிப் போ, இல்லை என்றால் அப்படிப் போ’ என்று ஒரு கிளை பிரியத்தான் செய்யும். நிரல் என் கையில் இருக்கிறது. டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, குறியின் பெயரைத் தேடி, அந்த நிபந்தனை வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு, கணினி கண்டுகொள்ளாத வெறும் குறிப்பாக்கிவிட்டு, மறுபடி கம்பைல் செய்தால் (ஓடும் வடிவுக்கு மாற்றினால்) முடிந்தது. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஆக, பூட்டு நிற்க வேண்டுமென்றால் சட்டம் என் கையைக் கட்ட வேண்டும், அல்லது நான் மாற்றியதை ஓட்ட மாட்டேன் என்று கருவி அடம்பிடிக்க வேண்டும். எது நடந்தாலும் ஓப்பன் சோர்ஸில் மிஞ்சுவது பெயர்தான்.

இரண்டாவது வழி கற்பனை இல்லை. டிவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுக் கருவி லினக்ஸில்தான் ஓடியது. உரிமப்படி மூல நிரலையும் கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். ஆனால் நீங்கள் ஒரு வரியை மாற்றிப் போட்டால் நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் பொருந்தவில்லை என்று பெட்டி ஓட மறுக்கும். இதைக் கண்டு கொதித்துத்தான் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் தரப்பு 2007 ஜூனில் வெளியிட்ட ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் இதற்கென்றே தனிப் பிரிவு சேர்த்தது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தப் பதிப்புக்கு வரவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கருநிரல் இன்றும் இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது. இந்தக் குடும்பச் சண்டையைக் கட்டுரையில் இழுக்காதீர்கள், பக்கம் போதாது.

இங்கே நீங்கள் ஒரு எதிர்வாதம் வைக்கலாம். மறைகுறியாக்கத்தில் முறையை ஒளிக்காதே, சாவியை மட்டும் ஒளி என்று 1883-லேயே மறைகுறியாக்க அறிஞர் கெர்க்காஃப்ஸ் சொல்லிவிட்டாரே, இன்று வங்கிகள் பயன்படுத்தும் ஏஇஎஸ் என்ற மறைகுறியாக்க முறை கூட வெளிப்படையான போட்டியில் தேர்வாகி 2001-இல் தரநிலை ஆனதுதானே, பூட்டின் நிரல் மட்டும் ஏன் வெளியே தெரியக் கூடாது? நல்ல வாதம். ஆனால் அங்கே கடிதம் எழுதுபவர் நீங்கள், வாங்குபவர் உங்கள் தோழி, திருடன் நடுவழியில் நிற்கும் மூன்றாம் ஆள். சாவி அவனிடம் இல்லை. நகல் தடுப்பில் படத்தை வாங்கும் ஆளும் அவர்கள் பயப்படும் ஆளும் ஒருவரே. படம் ஓட வேண்டுமானால் அவர் வீட்டுப் பெட்டிக்குள் சாவி இருந்தே ஆக வேண்டும். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, அது எங்கே இருக்கிறது என்று தெரியாதபடி பார்த்துக்கொள்ளும் வேலை அது. நிரலைத் திறந்தால் சாவி இருக்கும் அலமாரிக்கு வழி சொன்னதுபோல் ஆகும்.

டிவிடியில் நடந்தது அதுதான். அதன் பூட்டுக்கு சிஎஸ்எஸ் என்று பெயர், சாவியின் நீளம் வெறும் 40 பிட். உரிமம் வாங்கிய ஒரு நிறுவனத்தின் பிளேயரில் சாவி சரியாக மறைக்கப்படாமல் கிடந்தது. 1999 அக்டோபரில் டிசிஎஸ்எஸ் என்ற சின்ன நிரல் வெளியானது. வெளியிட்டவர்களில் ஒருவரான நார்வேயின் ஜான் லெக் ஜொஹான்சனுக்கு அப்போது 15 வயது. வழக்குப் போட்டார்கள், 2003 ஜனவரியில் விடுதலை, மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு டிசம்பரில் விடுதலை. தான் காசு கொடுத்து வாங்கிய வட்டைத் தானே பார்ப்பது குற்றமில்லை என்பதுதான் அங்கே எடுபட்டது. அதே நிரலை வெளியிட்ட ஒரு பத்திரிகை மீது நியூயார்க்கில் ஸ்டுடியோக்கள் தொடுத்த வழக்கில் தீர்ப்பு நேர்மாறாக வந்தது. லினக்ஸுக்குப் பிளேயர் செய்யத்தான் இது என்ற வாதத்தை நீதிபதி கப்லன் 2000-இல் ஏற்கவில்லை, 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. 1998-இல் கையெழுத்தான டிஎம்சிஏ என்ற அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் 1201-ஆம் பிரிவு செய்த வேலை அது. பூட்டை உடைத்து எதைச் செய்தாய் என்று பெரும்பாலும் அது கேட்பதில்லை, உடைத்ததே தப்பு என்கிறது.

என் சொந்தக் கதை ஒன்று. அந்த நாட்களில் ரிச்சி தெருவில் பழைய டிவிடி டிரைவ் ஒன்று வாங்கி என் லினக்ஸ் கணினியில் மாட்டினேன். முறையாகக் கடையில் வாங்கிய ஒரிஜினல் வட்டைப் போட்டால் திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாக ஓடியது, சத்தம் கரகரத்தது. தெருமுனையில் விற்ற திருட்டு விசிடியோ முதல் தடவையிலேயே அழகாக ஓடியது. காசு கொடுத்தவனுக்குக் கட்டம், கொடுக்காதவனுக்குப் படம். விஎல்சி பிளேயரின் பின்னால் இருக்கும் பிரெஞ்சு மாணவர் திட்டமாகத் தொடங்கிய குழு ஒன்று சிஎஸ்எஸ்ஸைத் திறக்கும் நிரல் நூலகம் ஒன்றை வெளியிட்டிருந்தது; அதைப் போட்ட பிறகுதான் என் வட்டும் ஓடியது.

சரி, திறந்த தரநிலை. இதையும் ஓப்பன் சோர்ஸையும் ஒன்றாகப் போட்டு நீங்கள் குழப்பியிருக்கிறீர்கள், உங்கள் மேல் தப்பில்லை, மசோதாவே அப்படித்தான் குழப்பியது. தரநிலை என்பது தாளில் எழுதிய ஒப்பந்தம். ஓப்பன் சோர்ஸ் என்பது ஓடும் நிரலின் உரிமம். தமிழ் எழுத்துருக்கள் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்காது, அப்பாவைக் கேளுங்கள். பாமினியில் தட்டியது டிஸ்கியில் கோலமாகத் தெரியும். டேப், டேம் என்று 1999-இல் அரசு அறிவித்தவை வேறு தனி உலகம். யூனிகோடு வந்த பிறகுதான் யார் எந்த மென்பொருளில் தட்டினாலும் எல்லாரும் படிக்க முடிந்தது. யூனிகோடு திறந்த தரநிலை. அதைப் பின்பற்றும் மைக்ரோசாஃப்ட் வேர்டு ஓப்பன் சோர்ஸ் இல்லை, லிப்ரெஆபிஸ் ஓப்பன் சோர்ஸ். இரண்டிலும் ‘அ’ ‘அ’தான்.

தலைகீழான உதாரணமும் உண்டு. எச்.264 என்ற வீடியோத் தரநிலையை யாரும் வாசிக்கலாம், எக்ஸ்264 என்று அதற்கு அருமையான ஓப்பன் சோர்ஸ் நிரலும் இருக்கிறது. ஆனால் அதன் மேல் நிறையக் காப்புரிமைகள் இருந்ததால் விற்பனைக்குப் பொருள் செய்பவர்கள் ராயல்டி கட்ட வேண்டியிருந்தது. (இப்போது தெரிகிறதா, முதலிலேயே ஏன் பதிப்புரிமையையும் காப்புரிமையையும் பிரிக்கச் சொன்னேன் என்று.) நம் மத்திய அரசு 2010 நவம்பரில் வெளியிட்ட மின் ஆளுமைக்கான திறந்த தரநிலைக் கொள்கை இந்த ஓட்டையைச் சரியாகப் பிடித்திருக்கிறது: ஆவணம் இலவசமாகவோ பெயரளவு கட்டணத்துக்கோ கிடைக்க வேண்டும், காப்புரிமைக்கு ராயல்டி கேட்கக் கூடாது, லாப நோக்கில்லாத அமைப்பு அதைப் பராமரிக்க வேண்டும். மூன்றே அளவுகோல் வேண்டுமென்றால் இவற்றை எடுத்துக்கொண்டு அமெரிக்க மசோதாவின் மேல் வைத்துப் பாருங்கள். ராயல்டி பற்றி நீங்கள் கேட்ட அந்த வரியில் ஒரு சொல்லும் இல்லை.

மசோதா என்ன ஆயிற்று? 107-ஆவது காங்கிரஸ் முடிந்தபோது வாக்கெடுப்புக்கே வராமல் செத்தது. ஆனால் யோசனை சாகவில்லை, சட்டை மாற்றிக்கொண்டது. 2003 நவம்பரில் எஃப்சிசி ‘ஒளிபரப்புக் கொடி’ விதியைக் கொண்டுவந்தது. டிஜிட்டல் தொலைக்காட்சி சிக்னலைப் பிடிக்கும் கருவி, சாதாரணக் கருவிகளை வைத்துப் பயனர் நோண்ட முடியாதபடி இருக்க வேண்டும் என்றது. ‘பயனர் நோண்ட முடியாதபடி’ என்ற நிபந்தனையும் ஓப்பன் சோர்ஸும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது. மென்பொருளாலேயே வானொலி, தொலைக்காட்சி சிக்னலைப் பிரித்தெடுக்கும் குனு ரேடியோ போன்ற திட்டங்கள் அங்கேதான் மாட்டின. 2005 மே மாதம், அமெரிக்க நூலகச் சங்கம் தொடுத்த வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. சிக்னல் வீட்டுக்குள் வந்து சேர்ந்த பிறகு கருவி என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் தரப்படவில்லை என்பதுதான் காரணம். ஓப்பன் சோர்ஸ் பற்றிய தீர்ப்பு இல்லை அது, அதிகார வரம்பு பற்றியது. இந்த வழக்கைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைய உதாரணம் வேண்டுமென்றால் உங்கள் உலாவியையே எடுத்துக்கொள்ளுங்கள். இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி 2017 செப்டம்பரில், பூட்டிய படத்தை உலாவியில் ஓட்ட வழி செய்யும் ஈஎம்இ என்ற தரநிலையை ஏற்றது. வாக்களித்த உறுப்பினர்களில் 108 பேர் ஆதரவு, 57 பேர் எதிர்ப்பு, 20 பேர் நடுநிலை. டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் அன்றே அமைப்பிலிருந்து விலகியது. தரநிலை ஆவணத்தை யாரும் இலவசமாக வாசிக்கலாம். ஃபயர்பாக்ஸ் ஓப்பன் சோர்ஸ். இருந்தும், பூட்டிய படத்தை ஓட்டும்போது அது கூகுளின் வைட்வைன் என்ற மூடிய துண்டு ஒன்றைத் தனியாக இறக்கிக்கொள்கிறது. கதவுச் சட்டம் பொது, பூட்டு தனியார். 2002-இல் ஹோலிங்ஸ் சட்டம் போட்டுக் கொண்டுவர நினைத்ததில் பெரும்பகுதி சட்டமே இல்லாமல் வந்துவிட்டது என்பது என் சொந்தக் கருத்து. கட்டுரையில் போடுவதானால் உங்கள் கருத்தாகவே போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

அறைத்தோழியின் கேள்விக்கு வருகிறேன். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் 65ஏ பிரிவைச் சேர்த்தது. தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான். அமெரிக்கச் சட்டத்துக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அந்த ‘நோக்கம்’ என்ற சொல்தான். காசு கொடுத்து வாங்கிய வட்டைத் தன் லினக்ஸ் கணினியில் போட்டுப் பார்க்கும் உங்கள் தோழிக்கு அந்த நோக்கம் எங்கே இருக்கிறது? பிரிவின் விதிவிலக்குகளும் சட்டம் தடை செய்யாத காரியத்துக்காக உடைப்பதை விட்டுவிடுகின்றன. அதனால் என் வாசிப்பில் குற்றமில்லை. வட்டை உடைத்து நகல் போட்டு விடுதியில் விற்றால் என்னிடம் கடிதம் எழுத வேண்டாம், நேரே ஒரு கிரிமினல் வக்கீலைப் பாருங்கள்.

தலைப்புக்கு: ‘வாசிக்கலாம், மாற்றக் கூடாது: 2002 நகல் தடுப்பு மசோதாவில் ஓப்பன் சோர்ஸ்’ என்று வைத்துப் பாருங்கள். வாய்மொழித் தேர்வில் 65ஏ-வைத் தொட்டுவிட்டால் அடுத்த கேள்வி பெரும்பாலும் அதன் விதிவிலக்கில் ஒளிந்திருக்கும் நிபந்தனை பற்றியதாக இருக்கும்: இன்னொருவர் பூட்டை உடைக்க உதவுபவர், அந்த ஆளின் பெயர், முகவரி, எதற்காக உடைத்தார் என்ற விவரம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். விஎல்சியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் ஆள் அந்தப் பதிவேட்டை எப்படி எழுதுவார் என்று கேட்டால், நீங்கள் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். எனக்கு இன்னும் நல்ல பதில் கிடைக்கவில்லை.